சொன்னாரா, கண்டாரா, நிறுவினாரா?

கீழே நான்கு வாக்கியங்கள் தரப்பட்டுள்ளன. அவற்றைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

புரோட்டான் என்றேனும் ஒரு நாள் சிதையும் என்று விஞ்ஞானிகள் ஊகிக்கின்றனர்.

புரோட்டான் என்றேனும் ஒரு நாள் சிதையும் என்று விஞ்ஞானிகள் வாதிடுகின்றனர்.

புரோட்டான் என்றேனும் ஒரு நாள் சிதையும் என்று விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளனர்.

புரோட்டான் என்றேனும் ஒரு நாள் சிதையும் என்று விஞ்ஞானிகள் நிறுவியுள்ளனர்.

நான்கிலும் பேசப்படும் துகள் ஒன்றே. பேசுகின்ற விஞ்ஞானிகளும் அவர்களே. கடைசிச் சொல் மட்டுமே மாறியிருக்கிறது. ஆயினும் முதல் இரண்டு வாக்கியங்கள் உண்மை. பின் இரண்டும் பொய். அணுவின் கருவிலுள்ள ஒரு துகளைப் பற்றிய உண்மையையும் பொய்யையும் ஒரே ஒரு வினைச்சொல் பிரித்து வைக்கிறது!

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. தராசின் தட்டில் பொருளை வைத்தபின் முள் சிறிது நேரம் ஆடுகிறது. பிறகே ஓரிடத்தில் நிற்கிறது. அது போலவே நம் வாக்கியத்திலும் செய்தி முழுவதையும் வாசகர் கேட்டு முடித்த பிறகுதான், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைக் கடைசி வினை சொல்கிறது. அந்த முள்ளைத் தவறான இடத்தில் நிறுத்திவிட்டால் எடை முழுவதும் தவறாகிவிடும்.

பள்ளிக் கண்காட்சிக்காகவோ, செயல்திட்டத்திற்காகவோ நீங்கள் கட்டுரை எழுதும்போது பிறருடைய கருத்துகளை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். அப்போது பெரும்பாலோர் 'கூறினார்' என்ற ஒரே சொல்லைப் பக்கத்துக்குப் பத்து முறை எழுதுகின்றனர். வேறு சிலர் அது சலித்துப்போய், அழகுக்காக 'கண்டுபிடித்தார்', 'நிரூபித்தார்' என்று மாற்றி மாற்றிப் போடுகின்றனர். இரண்டுமே சரியல்ல. இந்த வினைகள் ஒன்றுக்கொன்று மாற்றாக வரும் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு தனி அளவுகோல்.

தொல்காப்பியர் காட்டிய வழி

'இயற்பியல் ஆசிரியருக்கு இலக்கணத்தில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். பிறர் சொன்னதை எப்படிச் சொல்வது என்ற கேள்வி அறிவியலுக்கு எவ்வளவு உரியதோ, தமிழ் நூல் மரபுக்கும் அவ்வளவு உரியது. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

நமக்குக் கிடைத்துள்ள தமிழ் இலக்கண நூல்களுள் மிகப் பழையது தொல்காப்பியம். அதன் முதல் நூற்பா தமிழில் எழுத்துகள் எத்தனை என்று கூறுகிறது. அங்கேயே 'என்ப' என்ற வினை வந்துவிடுகிறது. 'என்று சொல்வர்' என்பது அதன் பொருள். 'எழுத்து முப்பது' என்று சொல்லித் தொல்காப்பியர் நிறுத்திவிடவில்லை. முப்பது என்று அறிந்தோர் சொல்வர் என்கிறார். நூல் நெடுகிலும் 'என்ப', 'மொழிப', 'என்மனார் புலவர்' என்னும் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தமக்கு முன்னும் அறிஞர்கள் இருந்தனர், இந்தச் செய்தி அவர்களிடமிருந்து வந்தது என்பதற்கு அவை முத்திரைகள். எதையும் தாமே முதன்முதலில் கண்டதாக அவர் காட்டிக்கொள்ளவில்லை.

பின்னாளில் வந்த உரையாசிரியர்கள் இதை இன்னும் நுட்பமாகச் செய்தனர். திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், ஒரு குறளுக்கு வேறொருவர் வேறு பொருள் கூறியிருந்தால் 'என்பாரும் உளர்' என்று முடிப்பதுண்டு. இந்த இரண்டு சொற்களில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. இப்படியும் ஒரு கருத்து இருக்கிறது. அது என் கருத்தன்று. ஆயினும் அதை உங்களிடமிருந்து நான் மறைக்கவில்லை. தாம் ஏற்காத கருத்துக்கும் ஓர் இடம் தந்து, அதே சமயம் தாம் அதில் நிற்கவில்லை என்பதையும் அவர் தெரிவித்துவிடுகிறார்.

ஊற்றுமலையும் ஏழு மதங்களும்

சங்கரன்கோவிலிலிருந்து தெற்கே சென்றால் ஊற்றுமலை என்ற ஊர் வரும். முன்பு அது ஒரு ஜமீனின் தலைமை இடம். அந்த ஜமீனைச் சேர்ந்த மருதப்பத் தேவரின் ஆதரவில், சங்கர நமச்சிவாயப் புலவர் என்பவர் நன்னூலுக்கு விரிவான உரை ஒன்றை இயற்றினார். பின்னர், பொதிகை மலையடியிலுள்ள விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர் அவ்வுரையைத் திருத்திச் செம்மை செய்தார். ஒருவர் இயற்றினார், மற்றவர் திருத்தினார். இந்த இரண்டு வினைகளையும் ஒன்றாகக் குழப்பினால் இருவரில் ஒருவருக்கு அநீதி செய்தவர்களாவோம்.

அவ்வுரைக்கு மூலமான நன்னூலை இயற்றியவர் பவணந்தி முனிவர். அவர் நூலின் பாயிரப் பகுதியில், ஒரு நூலாசிரியர் கருத்துகளோடு கொள்ளும் உறவை ஏழாகப் பிரித்து 'ஏழு மதம்' என்று சொல்கிறார். மதம் என்றால் இங்கே கொள்கை, கருத்து. அந்த ஏழையும் எளிய உரைநடையில் சொல்கிறேன்.

பிறர் கருத்தை ஏற்றுக்கொள்வது ஒன்று. அதை மறுப்பது இரண்டு. முதலில் ஏற்றுக்கொண்டதுபோல் உடன் சென்று, பின்பு அதைக் களைவது மூன்று. தானே ஒரு கருத்தை நாட்டி அதை நிலைநிறுத்துவது நான்கு. இருவர் மாறுபட்டுச் சொல்லும்போது ஒருவர் பக்கம் துணிவது ஐந்து. பிறர் நூலிலுள்ள குற்றத்தைக் காட்டுவது ஆறு. பிறர் கருத்தோடு சேராமல் தன் கருத்தையே கொள்வது ஏழு.

இன்று பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் பயிற்சி தரும்போது, 'நீ எடுத்துக்காட்டும் கருத்தை ஏற்கிறாயா, மறுக்கிறாயா, நடுநிலையில் நிற்கிறாயா என்பது தெரியும்படி எழுது' என்று சொல்லித் தருகின்றனர். பவணந்தியார் இதே தேவையை உணர்ந்து பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வகை பிரித்துவிட்டார். இனி அறிவியலுக்கு வருவோம்.

ஒரே ஒளி, வெவ்வேறு வினைகள்

'ராமன் விளைவைக் கண்டுபிடித்தவர் யார்?' என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு விடை சொல்வீர்கள். அந்த வரலாற்றைச் சற்றுக் கவனமாகச் சொல்லிப் பாருங்கள். எத்தனை வினைகள் தேவைப்படுகின்றன என்பது புரியும்.

ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதன் நிறம், அதாவது அதிர்வெண், மாறக்கூடும் என்று ஆஸ்திரிய நாட்டு இயற்பியலார் அடால்ஃப் ஸ்மேக்கல் 1923-ஆம் ஆண்டில் கோட்பாட்டின் வழியே முன்கணித்தார். அவர் அதைப் பார்க்கவில்லை. கல்கத்தாவில் சி. வி. ராமனும், அவருடன் பணியாற்றிய கே. எஸ். கிருஷ்ணனும் 1928-ஆம் ஆண்டு அதைப் பரிசோதனையில் கண்டனர். அவ்வாண்டு பிப்ரவரி 28-ஆம் நாளை ஒட்டித்தான் இன்று நாம் தேசிய அறிவியல் நாள் கொண்டாடுகிறோம். 'நேச்சர்' இதழில் இருவர் பெயராலும் வெளிவந்த குறிப்பின் வாயிலாக அவர்கள் அதை உலகுக்கு அறிவித்தனர். அதே ஆண்டில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஸ்தாம் என்ற இருவர், ராமன் குழுவின் துணையின்றித் தாமாகவே, படிகங்களில் இதே விளைவைக் கண்டனர். 1930-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு ராமனுக்கு வழங்கப்பட்டது.

முன்கணித்தார், கண்டனர், அறிவித்தனர், தாமாகவே கண்டனர். இந்த வினைகளை அவரவர்க்கு உரியவாறு பகிர்ந்து கொடுத்தால் யாருடைய பெருமையும் குறைவதில்லை. ஸ்மேக்கலுக்கு 'கண்டுபிடித்தார்' என்று போட்டால் ராமனுக்குரியதைப் பறித்தவர்களாவோம். வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணனை விட்டுவிட்டு 'ராமன் மட்டும் கண்டார்' என்று எழுதினால், நம் பக்கத்து ஊர்க்காரரின் உழைப்பை அழித்தவர்களாவோம்.

இங்கே இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லை நாம் இரண்டு வேறு செயல்களுக்குப் பயன்படுத்துகிறோம். பாரடே 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார் என்கிறோம். கிரகாம் பெல் தொலைபேசியைக் கண்டுபிடித்தார் என்றும் சொல்கிறோம். மின்காந்தத் தூண்டல் இயற்கையில் முன்பே இருந்தது. பாரடே அதைக் கண்டறிந்தார். தொலைபேசி முன்பு எங்கும் இல்லை. பெல் அதை உருவாக்கினார். எழுதும்போது 'கண்டறிந்தார்', 'உருவாக்கினார்' என்று பிரித்துக் கொள்வது நல்ல பழக்கம்.

மறுத்தாரா, தவறென்று காட்டினாரா?

இனி, ஒரு வினைச்சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஆபத்தைப் பார்ப்போம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரங்கள் சுருங்கி 'வெண்குறளி' என்ற நிலையை அடைகின்றன. அப்படி நிலைத்து நிற்க அவற்றின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று அவர் கணக்கிட்டார். இன்று நாம் அறிந்தபடி அவ்வரம்பு சூரியனின் நிறையைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு.

1935-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள் லண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் இம்முடிவை அவர் எடுத்துரைத்தார். அப்போது அவருக்கு வயது 24. அவரை அடுத்துப் பேச எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். 1919-ஆம் ஆண்டுச் சூரிய கிரகண ஆய்வின் மூலம் ஐன்ஸ்டீனின் கொள்கைக்கு ஆதரவு தேடித் தந்த பெரும்புகழாளர். ஒரு நட்சத்திரம் அப்படி எல்லையின்றிச் சுருங்குவதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தே ஆக வேண்டும் என்று அவர் வாதிட்டார். சந்திரசேகரின் முடிவை அவர் மறுத்தார்.

இந்த 'மறுத்தார்' என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். 'ஏற்றுக்கொள்ள மறுத்தார்' என்பது ஒரு பொருள். 'தவறு என்று காட்டினார்' என்பது மற்றொரு பொருள். எடிங்டன் செய்தது முன்னது மட்டுமே. கணக்கில் எந்த வரி தவறு என்று அவரால் காட்ட முடியவில்லை. ஆயினும் அவருடைய புகழின் காரணமாகப் பலர் இரண்டாவது பொருளையே எடுத்துக்கொண்டனர். சந்திரசேகரின் முடிவு முழுமையாக ஏற்கப்படப் பல ஆண்டுகள் ஆயின. நட்சத்திரங்களின் அமைப்பையும் வளர்ச்சியையும் பற்றிய ஆய்வுகளுக்காக 1983-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

ஆகவே 'மறுத்தார்' என்று எழுதும் இடத்தில் ஒரு கணம் நில்லுங்கள். சான்று காட்டி மறுத்தாரா, சான்றின்றி மறுத்தாரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு சொல் கூடினாலும் குற்றமில்லை. புகழ் பெற்ற ஒருவர் சொன்னார் என்பதற்காக 'கருதினார்' என்பது 'நிறுவினார்' ஆகிவிடாது.

தங்கவயலில் ஓர் எச்சரிக்கையான சொல்

தொடக்கத்தில் சொன்ன புரோட்டான் கதைக்குத் திரும்புவோம். அது நடந்த இடம் கருநாடகத்திலுள்ள கோலார் தங்கவயல். ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் சுரங்கத் தொழிலுக்காகக் குடியேறிய ஊர் அது.

வானிலிருந்து வரும் துகள்களின் தொல்லை இல்லாமல் அரிய நிகழ்ச்சிகளைக் கவனிக்க ஆழமான சுரங்கம் சிறந்த இடம். 1965-ஆம் ஆண்டில், காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் விளைவை அந்தச் சுரங்கத்தில் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். பிறகு புரோட்டானின் பக்கம் கவனம் திரும்பியது. ஜார்ஜை, கிளாஷோ என்ற இருவர் 1974-இல் வெளியிட்ட கொள்கையின்படி, புரோட்டான் நிலையான துகள் அல்ல. மிக மிக நீண்ட காலத்தில் சிதையக்கூடியது. இதைச் சோதிக்க, பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தினரும் ஜப்பானிய விஞ்ஞானிகளும் சேர்ந்து, சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ 140 டன் எடையுள்ள ஒரு கருவியை நிறுவினர். அடுக்கடுக்கான இரும்புத் தகடுகளுக்கு நடுவே துகள்களின் தடத்தைப் பதிவு செய்யும் குழாய்கள் வைக்கப்பட்டன. இரும்பிலுள்ள கோடானுகோடிப் புரோட்டான்களில் ஏதேனும் ஒன்று சிதையாதா என்று இரவு பகலாகக் காத்திருந்தனர்.

சில தடங்கள் பதிவாயின. பார்த்தால் புரோட்டான் சிதைவு போலவே தெரிந்தன! அப்போது அவர்கள் எந்த வினையைத் தேர்ந்தெடுத்தனர்? 'புரோட்டான் சிதைவைக் கண்டோம்' என்று அவர்கள் எழுதவில்லை. 1981-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே, இவை சிதைவாக இருக்கத் தகுதியுள்ள நிகழ்ச்சிகள் என்ற பொருள் தரும் சொல்லைத்தான் வைத்தனர். காரணம், நியூட்ரினோ ஒன்று இரும்பில் மோதினாலும் ஏறக்குறைய அதே போன்ற தடம் உண்டாகலாம்.

அதன் பிறகு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஆயிரக்கணக்கான டன் நீரைக் கொண்ட பெரிய கருவிகள் அமைந்தன. 1996-இல் இயங்கத் தொடங்கிய ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே கருவியில் 50,000 டன் நீர் உள்ளது. இவற்றில் எதிலும் இதுவரை ஒரு புரோட்டான் சிதைவுகூட உறுதியாகக் காணப்படவில்லை. கோலார் தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அங்கே பணியாற்றியவர்களின் கட்டுரையைப் பொய் என்று இன்றும் யாரும் சொல்ல முடியாது. கண்டதைக் கண்டவாறும், ஐயத்தை ஐயமாகவும் அவர்கள் எழுதியிருந்தனர்.

அக்கட்டுரையை நீங்கள் மேற்கோள் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். 'கோலாரில் புரோட்டான் சிதைவைக் கண்டுபிடித்தனர்' என்று எழுதினால் பிழை யாருடையது? அவர்களுடையது அல்ல, உங்களுடையது. அவர்கள் காத்த எச்சரிக்கையை உங்கள் பேனா உடைத்துவிட்டது. படிப்பவரோ உங்களைக் குறை சொல்லமாட்டார். அந்த விஞ்ஞானிகளைத்தான் குறை சொல்வார்.

ஆப்பிளும் 'ஆம்' விகுதியும்

நியூட்டன் தலையில் ஆப்பிள் விழுந்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதைப் பார்த்தவர் யார்? 1726-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், முதுமையில் இருந்த நியூட்டன், வில்லியம் ஸ்டூக்லி என்ற நண்பருடன் தோட்டத்தில் ஆப்பிள் மர நிழலில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். முன்னொரு காலத்தில் ஆப்பிள் விழுவதைக் கண்டபோதுதான் ஈர்ப்பு பற்றிய எண்ணம் தமக்குத் தோன்றியது என்று அப்போது அவர் சொன்னதாக ஸ்டூக்லி எழுதி வைத்துள்ளார். தலையில் விழுந்ததாக அவர் எழுதவில்லை.

ஆகவே சரியான வாக்கியம் இப்படி அமையும்: 'ஆப்பிள் விழுவதைக் கண்டதாக நியூட்டன் தம்மிடம் கூறினார் என்று ஸ்டூக்லி எழுதியுள்ளார்.' இங்கே 'கூறினார்', 'எழுதியுள்ளார்' என இரண்டு வினைகள் உள்ளன. செய்தி இரண்டு கைகள் மாறி வந்திருக்கிறது என்பதை அவை காட்டுகின்றன. நீங்கள் ஸ்டூக்லியின் நூலையும் படிக்காமல் பாடப்புத்தகத்தில் மட்டுமே படித்திருந்தால் மூன்றாவது கை ஒன்றும் உண்டு. 'ஸ்டூக்லி எழுதியுள்ளதாகப் பாடநூல் தெரிவிக்கிறது' என்று எழுதுவதே நேர்மை.

கை மாறி வந்த செய்தியைக் குறிக்கத் தமிழில் ஓர் அருமையான வசதி உண்டு. 'மழை பெய்தது' என்பது நானே கண்டது. 'மழை பெய்ததாம்' என்பது பிறர் சொல்லக் கேட்டது. 'ஆம்' என்ற ஒரு சிறு ஒட்டு, பொறுப்பு யாருடையது என்பதைச் சொல்லிவிடுகிறது. பாட்டி கதை சொல்லும்போது 'ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தானாம்' என்றுதானே தொடங்குகிறாள்? ராஜாவைத் தான் பார்க்கவில்லை என்பதை முதல் வரியிலேயே அவள் ஒப்புக்கொள்கிறாள். கட்டுரையில் 'ஆம்' என்று எழுதுவது வழக்கமில்லை. அதற்கு ஈடாக 'என்று சொல்லப்படுகிறது', 'எனத் தெரிகிறது', 'என்பர்' என்பவை இருக்கின்றன. இவற்றையும் அளவறிந்தே கையாள வேண்டும். சொன்னவர் யார் என்று தெரிந்தும் 'சொல்லப்படுகிறது' என எழுதினால் அது சோம்பல்.

மீச்சிற்றளவுக்கு அப்பால் எழுதாதீர்கள்

ஆய்வுக்கூடத்தில் மீட்டர் அளவுகோலைக் கொண்டு ஒரு கம்பியின் நீளத்தை அளக்கிறீர்கள். அதன் மீச்சிற்றளவு 1 மில்லிமீட்டர். விடைத்தாளில் '5.237 செ.மீ.' என்று எழுதினால் உங்கள் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். கருவி தராத துல்லியத்தை நீங்களாகச் சேர்த்துவிட்டீர்கள்! 'கருதினார்' என்பதை 'நிறுவினார்' என்று எழுதுவதும் இதே குற்றம்தான்.

எனவே மேற்கோள் காட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதற் கேள்வி: அவர் என்ன செய்தார்? பார்த்திருந்தால் 'கண்டார்'. கருவியால் அளந்திருந்தால் 'அளந்தறிந்தார்'. கணக்குப் போட்டிருந்தால் 'கணக்கிட்டார்'. இனி நடக்கப்போவதைச் சொல்லியிருந்தால் 'முன்கணித்தார்'. புதிய கருத்தை ஆய்வுக்கு வைத்திருந்தால் 'முன்மொழிந்தார்'. பொருளை வரையறுத்திருந்தால் 'வரையறுத்தார்'.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு உறுதியோடு சொன்னார்? ஐயுற்றார், ஊகித்தார், கருதினார், வாதிட்டார், வலியுறுத்தினார், காட்டினார், நிறுவினார் என்று இது படிப்படியாக ஏறும். ஒன்றைக் கவனியுங்கள். 'வலியுறுத்தினார்' என்பது குரலின் உறுதியை மட்டும் சொல்கிறது. சான்றின் உறுதியைச் சொல்வதில்லை. குரலை உயர்த்துவதால் சான்று உயர்ந்துவிடாது.

மூன்றாம் கேள்வி: நான் எங்கே நிற்கிறேன்? 'கூறினார்', 'தெரிவித்தார்', 'எழுதியுள்ளார்' என்பவை நடுநிலையானவை. 'சுட்டிக்காட்டினார்', 'உணர்த்தினார்' என்று எழுதினால் அச்செய்தி உண்மை என்று நீங்களும் ஏற்றுக்கொண்டதாகப் பொருள். இல்லாத ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது அல்லவா? 'ஒப்புக்கொண்டார்' என்று எழுதினால், அவர் முன்பு எதையோ மறைத்து வைத்திருந்தது போன்ற தோற்றம் உண்டாகும். 'கூறிக்கொள்கிறார்' என்றால் நீங்கள் அவரை நம்பவில்லை என்று பொருள். காரணமின்றி ஒருவருக்கு இந்தச் சொல்லைச் சூட்டுவது அவரைப் பழிப்பதற்கு ஒப்பாகும்.

நீங்களே செய்து பாருங்கள்

கீழே உள்ளவற்றுக்கு ஏற்ற வினையைத் தேர்ந்தெடுங்கள். முதலில் விடையைப் பார்க்காமல் முயலுங்கள்.

1. தாம் கண்ட ஒரு வால்நட்சத்திரம் 1758-இல் மீண்டும் வரும் என்று எட்மண்ட் ஹாலி 1705-இல் ............

2. ஒளி ஒரு மின்காந்த அலை என்று மேக்ஸ்வெல் ............; அத்தகைய அலைகளை 1880-களில் ஹெர்ட்ஸ் ............

3. சங்கரன்கோவில் ஆலயத்தின் புற்றுமண் நோய் தீர்க்கும் என்று பக்தர்கள் ............

4. காற்றாலைகள் மழை மேகங்களை விரட்டிவிடுகின்றன என்று ஊரில் சிலர் ............

விடைகள்: முதலாவது 'முன்கணித்தார்'. ஹாலி 1742-இல் காலமானார். 1758-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் அவ்வால்நட்சத்திரம் மீண்டும் காணப்பட்டது. ஆகவே, அவர் முன்கணித்தார், பின்வந்தோர் கண்டனர்.

இரண்டாவதில் மேக்ஸ்வெல் 'சமன்பாடுகளின் வழி முடிவு செய்தார்'. ஹெர்ட்ஸ் 'உண்டாக்கிக் காட்டினார்'.

மூன்றாவது 'நம்புகின்றனர்'. இச்சொல் யாரையும் இகழ்வதில்லை. நம்பிக்கையை நம்பிக்கை என்றே மதித்துச் சொல்கிறது. 'நிரூபித்துள்ளனர்' என்று போட்டால் அது பொய். 'பிதற்றுகின்றனர்' என்று போட்டால் அது பண்பற்ற செயல்.

நான்காவது 'சொல்கின்றனர்'. காற்றாலைகள் நிறைந்த நம் வட்டாரத்தில் தேநீர்க் கடைகளில் இதைக் கேட்கலாம். கேட்டதை 'விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளனர்' என்று ஒரு மாணவர் கட்டுரையில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? அதைப் படித்த மற்றொருவர் அக்கட்டுரையையே சான்றாகக் காட்டுவார். ஒரு விஞ்ஞானியும் ஆராயாத செய்தி, ஒரே ஒரு வினைச்சொல்லின் தயவால் விஞ்ஞானமாகிவிடும்! உண்மையை அறிய விரும்பினால், காற்றாலைகள் வருமுன்னும் வந்தபின்னும் பல்லாண்டு மழை அளவுகளைச் சேகரித்து ஒப்பிட வேண்டும். காற்றாலைகள் இல்லாத வட்டாரங்களோடும் ஒப்பிட வேண்டும். அதன் பிறகே 'சொல்கின்றனர்' என்பதைவிட வலிய வினைக்கு நமக்கு உரிமை வரும்.

நாளை உங்கள் அறிவியல் பாடநூலைத் திறந்து, ஒரு பாடத்தில் எத்தனை இடங்களில் 'கண்டுபிடித்தார்', 'கூறினார்', 'நிரூபித்தார்' என்று வருகிறது என எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் அந்தச் சொல் பொருந்துகிறதா என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். விடை தேடும்போது அந்த விஞ்ஞானி உண்மையில் என்ன செய்தார் என்பதைப் படித்தே ஆக வேண்டியிருக்கும். ஒரு வினைச்சொல்லைத் திருத்தப் புகுந்து அறிவியலின் வரலாற்றையே கற்றுக்கொள்வீர்கள்.